கண்ணுக்கு எட்டாத கடலைக் கைக்கு எட்டவைப்பது: சேலத்து வகுப்பறைக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: "சேலத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் பிறவியிலேயே பார்வை இல்லாத இரண்டு மாணவிகள் இருக்கிறார்கள். மிகப் பெரிய எழுத்தை மட்டும் கிட்ட வைத்துப் படிக்கும் மாணவன் ஒருவன். நீர்க்கோளம் பாடம் வரப்போகிறது. மூவரும் கடலுக்குப் போனதே இல்லை. படத்தை வாயால் விளக்குவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?"

வணக்கம் டீச்சர். படத்தை விளக்குவதிலிருந்து தொடங்காதீர்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் கடலடிப் படத்தை யாரும் பார்த்து வரையவில்லை. தெளிந்த கடலிலேயே 200 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி கிடையாது. கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். அதனால் கடலடி முழுக்கக் கயிற்றால், எடையால், ஒலியால் அளந்து தெரிந்துகொண்ட இடம். அந்த அளவுகளைத்தான் பிறகு படமாகப் போட்டார்கள். நீங்கள் படத்தைத் திரும்பவும் சொற்களாக்கிக் கொடுத்தால், அந்த மாணவிகளுக்கு மூன்றாம் கை சரக்குதான் போய்ச் சேரும். அளவிலிருந்தே தொடங்குங்கள். அங்கே உங்கள் வகுப்பில் 40 பேரும் ஒரே நிலையில் நிற்பார்கள்.

ஆழம் அளப்பதுதான் முதல் பாடம். நம் மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஆங்கிலேய மாலுமிகளின் ஃபாதமும் இதுவே. 6 அடி, அதாவது 1.83 மீட்டர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் அவர்கள் வைத்த அடையாளங்கள் உங்கள் வகுப்புக்கென்றே செய்தவை போல இருக்கும்: 2 பாகத்தில் இரண்டு தோல் துண்டு, 5 பாகத்தில் வெள்ளைத் துணி, 7 பாகத்தில் வேறு நெசவுள்ள சிவப்புத் துணி, 10 பாகத்தில் ஓட்டை போட்ட தோல். இருட்டில் தொட்டே ஆழத்தைச் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொன்றும் வேறு வேறு பொருள். குண்டின் அடிக்குழியில் கொழுப்பு தடவி, அதில் ஒட்டி வரும் மணலையோ சேற்றையோ வைத்து அடித்தரை எப்படிப்பட்டது என்று கண்டுபிடித்தார்கள்.

இதை அப்படியே வகுப்பில் செய்யலாம். தண்ணீர் பிடிக்கும் பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்று, 60 செ.மீ. நீளப் பலகை ஒன்று. பலகையில் 5 செ.மீ.க்கு ஒன்றாகப் பத்து ஓட்டை போடுங்கள். டிரம்முக்குள் ஒரு பக்கம் செங்கல்லை உயரமாக அடுக்கி, நடுவில் தரையை வெறுமனே விட்டு, இன்னொரு பக்கம் ஒரு சின்ன மண்பானையைக் கவிழ்த்து வையுங்கள். முதலாவது கண்டத்திட்டு (கரையை ஒட்டி ஆழம் குறைவாக இருக்கும் கடலடி), இரண்டாவது ஆழ்கடல் சமவெளி, மூன்றாவது கடலடிக் குன்று. முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி வாயைத் துணியால் மூடி, மேலே பலகையை வைத்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. இதை மாணவர்கள் வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

நூலுக்கு மீன்பிடி தங்கூஸ் வாங்குங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் நீளம் மாறி அளவு பிசகும். முனையில் 100 கிராமுக்குக் குறையாத, அடி தட்டையான இரும்பு நட் ஒன்றைக் கட்டுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு கைவசம் இருக்கும்தான். ஆனால் அதன் கூர்முனை செங்கல் இடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும். எடை குறைந்த நட் போட்டால் அது தரையைத் தொட்டது விரலுக்குத் தெரியாது. சரியான எடை போட்டால் தொட்ட நொடியில் விரலிலிருந்து பாரம் சட்டென்று காணாமல் போகும். அந்த நொடியை எல்லோரும் ஒருமுறையாவது உணரவேண்டும். 5 செ.மீ.க்கு ஒரு முடிச்சு, 25 செ.மீ.யில் ஒரு தோல் துண்டு, 50 செ.மீ.யில் ஒரு துணித் துண்டு. தங்கூஸ் முடிச்சு பொடியாக இருந்தால் விரலுக்குச் சிக்காது. முடிச்சோடு சின்ன மணி ஒன்றைக் கோத்துவிடுங்கள். நட்டின் அடியில் வாசலின் தடவினால் மணல் ஒட்டி வரும். டிரம்மின் ஒரு பகுதியில் ஆற்றுமணலும் இன்னொரு பகுதியில் களிமண்ணும் போட்டு வைத்திருந்தால் எந்த ஓட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கையால் சொல்லிவிடுவார்கள்.

பதிவு செய்ய ஈர்க்குச்சி போதும். ஒவ்வொரு ஓட்டையிலும் கிடைத்த ஆழத்தில் பாதி நீளத்துக்கு ஒரு குச்சியை நறுக்கி, தெர்மக்கோல் அட்டையின் விளிம்பில் கீழ்நோக்கித் தொங்கும்படி வரிசையாகச் செருகச் சொல்லுங்கள். குச்சி நுனிகளின் மேல் விரலை ஓட்டினால் கடலடியின் வடிவம் கையில் வரும். முதலில் ஒன்றுவிட்ட ஓட்டைகளில் மட்டும் அளக்கச் செய்யுங்கள். பானை ஓட்டைகளுக்கு இடையில் விழுந்து, குன்று இருப்பதே தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. பிறகு எல்லா ஓட்டையிலும் அளந்தால் குன்று முளைத்துவிடும். உலகக் கடலடியில் நவீன முறையில் நெருக்கமாக அளக்கப்பட்டது இன்றும் கிட்டத்தட்ட கால்பங்குதான் என்ற செய்தியின் கனம் அப்போது அவர்களுக்குத் தானாகப் புரியும்.

கயிற்றுக்குப் பிறகு ஒலி. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். காற்றில் சுமார் 340. எதிரொலி என்றால் என்ன என்று இந்த மாணவிகளுக்கு நீங்கள் விளக்கவேண்டிய அவசியமே இருக்காது. வெள்ளைக்கோலைத் தட்டிச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தினமும் கணிப்பவர்கள் அவர்கள். வகுப்புக்கு அவர்களே செய்துகாட்டட்டும். பிறகு ஆழத்தைக் கைத்தட்டலாகக் கொடுங்கள்: ஒரு தட்டு ஒலி கிளம்பியதற்கு, அடுத்த தட்டு திரும்பி வந்ததற்கு. கண்டத்திட்டில் 150 மீட்டர் ஆழம் என்றால் இடைவெளி 0.2 நொடி; இரண்டு தட்டும் ஏறக்குறைய ஒட்டியே கேட்கும். சராசரி ஆழத்துக்கு 5 நொடி. பசிபிக்கில், கடலிலேயே மிக ஆழமான இடமான சேலஞ்சர் மடுவின் சுமார் 10,900 மீட்டருக்குப் பதினாலரை நொடி. இடையில் வகுப்பு சத்தமில்லாமல் காத்திருக்கவேண்டும். அந்தப் பதினாலரை நொடி மௌனம், எண்ணைச் சொல்வதைவிட நன்றாக ஆழத்தைச் சொல்லும்.

அழுத்தத்துக்கு ஏற்காடு மலைப்பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும்போது காது அடைப்பது எல்லாருக்கும் தெரிந்தது. அந்த மொத்த ஏற்றத்திலும் காற்றழுத்தம் குறைவது எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தண்ணீரில் அதே மாற்றத்துக்கு 1.3 மீட்டர் மூழ்கினால் போதும். கிணற்றில் காது 1.3 மீட்டர் ஆழத்துக்குப் போகும்படி மூழ்கினால் கூடும் அழுத்தம், ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு முழு வளிமண்டல அழுத்தம் கூடும் என்ற வரி இதற்குப் பிறகு வந்தால் மனதில் உட்காரும்.

கையால் உணர 20 மி.லி. சிரிஞ்சு வாங்குங்கள், ஊசி வேண்டாம். தண்டை 20 வரை இழுத்து, முனையை எம்-சீல் வைத்து அடைத்து ஒருநாள் விடுங்கள். சிரிஞ்சின் கோடுகள் பார்வையற்றவருக்குப் பயன்படாது. தண்டின் இறக்கையில் பிளேடால் சின்னக் காடி வெட்டவேண்டும். உள்ளே காற்று 10 மி.லி. ஆகும் இடத்தில் ஒன்று, 5 மி.லி. ஆகும் இடத்தில் ஒன்று. தண்டை அழுத்தும்போது காடி குழாயின் விளிம்புக்கு வந்ததும் நகத்தில் தட்டும். பாதியாக அழுந்தினால் 10 மீட்டர் ஆழம், கால்வாசியாக அழுந்தினால் 30 மீட்டர். முதலாவதற்கு மூன்று கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும், அடுத்ததற்கு ஒன்பது கிலோ போல. உள்ளங்கையை வைத்து அமுக்கினால்தான் முடியும். மேசையில் செங்குத்தாக நிறுத்தி அமுக்குங்கள். கட்டைவிரலால் முனையை அடைத்துக்கொண்டு செய்தால் பாதியில் காற்று நழுவி, "கடலில் ஆழம் போனாலும் பெரிதாக ஒன்றும் இல்லை" என்று தப்பாகப் பதிந்துவிடும்.

அடுத்தது நீரடுக்குகள். மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்; மேலே லேசு, கீழே கனம். வங்கக்கடலின் மேற்பரப்பு 28, 29 டிகிரி. 1000 மீட்டரில் 6, 7 டிகிரிதான். படத்தில் நிறம் மாற்றிக் காட்டும் இந்த விஷயத்தை விரல் ஒன்றே காட்டிவிடும். 30 செ.மீ. உயர எவர்சில்வர் வாளியில் 40 டிகிரி வெந்நீர் 4 லிட்டர் ஊற்றுங்கள். தனியாக 4 லிட்டர் தண்ணீரில் 140 கிராம் உப்பைக் கரைத்து (லிட்டருக்கு 35 கிராம், கடலின் அளவு) ஃபிரிட்ஜில் குளிரவையுங்கள். ஒரு புனலில் விரல்தடிமன் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குழாயை வாளியின் அடிவரை இறக்கி, குளிர்ந்த உப்புநீரைப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக ஊற்றுங்கள். கனமான நீர் அடியில் தங்கி, வெந்நீரை மேலே தூக்கிவிடும்.

இது கெடுவது இரண்டு இடத்தில். குழாயில் காற்று இருந்தால் குமிழி மேலே கிளம்பும்போதே இரண்டு அடுக்கையும் கலக்கிவிடும். குழாயை முன்பே உப்புநீரால் நிரப்பிக் கிள்ளிப் பிடித்து இறக்கவேண்டும். ஃபிரிட்ஜ் இல்லை என்று ஐஸை நேராகப் போட்டால் அது உருகி உப்பைக் குறைப்பதோடு, உருகாத துண்டு வெந்நீருக்குள் மிதந்து ஏறும். ஐஸைப் பாலிதீன் பையில் கட்டிப் போட்டு, குளிர்ந்ததும் பையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் ஒரே விரலை நேர்குத்தாக, கிளறாமல் இறக்கவேண்டும். நடுவில் ஓரிடத்தில், கத்தி வைத்து வெட்டியதுபோல, வெந்நீர் முடிந்து குளிர் ஆரம்பிக்கும். எவர்சில்வரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாளியின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் மேலிருந்து தடவி வந்தாலும் அதே எல்லை கிடைக்கும், கீழ்ப்பாதி வியர்த்தும் இருக்கும். பிளாஸ்டிக் வாளியில் இது நடக்காது. ஐந்தாறு பேர் விரல்விட்ட பிறகு அடுக்கு குழம்பிவிடும். இரண்டாவது வாளிக்கும் சேர்த்துத் தயார் செய்துகொள்ளுங்கள்.

முட்டை மிதக்கவைக்கும் சோதனையைப் பலரும் கடல்நீரோடு சேர்த்துச் சொல்வார்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பில் புது முட்டை மூழ்கத்தான் செய்யும். மிதக்க 120 கிராமுக்கு மேலேயே வேண்டியிருக்கும். அதைக் கடல் என்று சொல்லாதீர்கள்.

இனி மாதிரி. இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், தவறும் அதிகம் நடக்கும். கடலின் குறுக்குவெட்டைத் தொட்டுணர 100 செ.மீ. நீளப் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டத்தில் 1 செ.மீ. என்பது 10 கி.மீ., செங்குத்தில் 1 செ.மீ. என்பது 250 மீட்டர். கடையில் கிடைக்கும் 1 செ.மீ. தெர்மக்கோல் அட்டை ஒன்று 250 மீட்டர் ஆகிவிடுவதால் கணக்கு சுலபம். கண்டத்திட்டு 70 கி.மீ. அகலம் என்று வைத்தால் 7 செ.மீ.; அதன் விளிம்பு கடல்மட்டத்துக்கு அரை செ.மீ. கீழே. அந்த விளிம்பிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் கண்டச்சரிவு 4 செ.மீ. அகலத்துக்குள் பதினோரு அட்டைக்கு மேல் இறங்கும். அதன் அடியில், சரிவையும் சமவெளியையும் இணைக்கும் கண்ட உயர்ச்சியை மெல்லிய சாய்வாகக் கொண்டுபோய், 4,000 மீட்டர் சமவெளியை 16 அட்டை ஆழத்தில் பரப்புங்கள். நிலப்பக்கம் 20 செ.மீ. விட்டு, கரையிலிருந்து சுமார் 18 செ.மீ. தொலைவில் சேலத்தை ஒரு அட்டைக்குச் சற்று மேலாகவும், பக்கத்தில் ஏற்காட்டை 6 அட்டையாகவும் நிறுத்துங்கள். மாணவியின் இடதுகை ஏற்காட்டின் உச்சியிலும் வலதுகை சமவெளியிலும் இருக்கும்போது, தன் ஊரின் மலை அந்தப் பள்ளத்துக்குமுன் எவ்வளவு என்று கேட்காமலே தெரியும். அகழியை (கடலடியில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் மிக ஆழமான பள்ளம்) இந்தப் பலகையில் சேர்க்காதீர்கள். தமிழகக் கரைப்பக்கம் அகழி கிடையாது. அது வங்கக்கடலின் மறுபக்கம், சுமத்ரா, ஜாவா ஓரம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கிளப்பிய நிலநடுக்கம் அந்த விளிம்பில்தான் நடந்தது. தனித் துண்டாகச் செய்து, வேண்டும்போது ஒட்டிவைக்கலாம்.

இந்தப் பலகையில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. செங்குத்து 40 மடங்கு ஊதிப்போயிருக்கிறது. பார்க்கும் பிள்ளைக்குக் குறுக்குவெட்டுப் படம் மிகைப்படுத்தியது என்று எங்கோ ஒரு ஓரத்தில் தெரியும். தொட்டு அறியும் பிள்ளைக்குக் கை சொன்னதே உண்மை. சரிவைத் தொட்டதும் "செங்குத்தான பாறைச்சுவர்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் கண்டச்சரிவின் சராசரிச் சாய்வு 4 டிகிரி போலத்தான். அதில் நின்றால் சாதாரண மேட்டுநிலம் போல இருக்கும். அதனால் அதே பலகைக்குப் பக்கத்தில் உண்மை அளவில் இன்னொரு பட்டை கட்டாயம் வேண்டும். 100 செ.மீ. நீளத்தில் 4,000 மீட்டர் என்பது வெறும் 4 மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள அட்டையைக் கரைப்பக்கம் ஒட்டி, சரிவு வரும் இடத்தில் 4 செ.மீ. நீளத்துக்கு உப்புத்தாளால் தேய்த்துச் சாய்த்துவிட்டால் போதும். இரண்டையும் ஒருசேரத் தொடச் செய்யுங்கள். ஏன் ஊதவைத்தோம் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

தெர்மக்கோல் அடுக்கை அப்படியே விட்டால் படிக்கட்டு போல இருக்கும், கடலடியில் படிக்கட்டு இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். காகிதக் கூழ் பூசி மழுப்பவேண்டும். பழைய செய்தித்தாளை இரண்டு நாள் ஊறவைத்து அரைத்து, நம் ஊர் மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையோடு பிசைந்தால் உறுதியாக நிற்கும். ஊறவைத்து அரைத்த வெந்தயம் கொஞ்சம் சேர்த்தால், பாட்டிமார் கூடை மெழுகிய அதே கெட்டி வரும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு; பிள்ளைகள் நாள் முழுக்கத் தடவப்போகும் பொருளில் அது கூடாது, விஷம். நன்றாகக் காயவைப்பதுதான் பாதுகாப்பு. சேலத்து வெயிலில் மெல்லிய பூச்சு இரண்டு நாளில் காயும். ஏற்காட்டுப் பள்ளிகளில் பனிமூட்டக் காலத்தில் இதைச் செய்தால் பூஞ்சை பிடித்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் செய்து வைத்துக்கொள்வது நல்லது.

மேற்பரப்புக்கு மூன்று தொடுகைக்கு மேல் வேண்டாம். கண்டத்திட்டுக்கு மணல், ஆழ்கடல் சேற்றுக்கு வழவழப்பான சாட்டின் துணி, பாறைக்குப் பொடி ஜல்லி. எல்லா மாதிரியிலும் இதே ஒப்பந்தம் நீடிக்கட்டும். இன்றைக்கு மணல் கண்டத்திட்டு, நாளைக்கு மணல் பாலைவனம் என்றால் குழப்பம். தண்ணீரைக் காட்ட உப்புத்தாள் ஒட்டுவதை அடிக்கடி பார்க்கலாம். அது தப்பு. விரல்நுனி பத்து நிமிடத்தில் மரத்துப்போகும், அதன்பின் பிரெய்ல் எழுத்தைக்கூடப் படிக்கமுடியாது. தண்ணீரை வெறுமையாக விடுங்கள். கடல்மட்டத்துக்கு மட்டும் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுங்கள்.

பெயர்ச்சீட்டுக்கு இடம் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெய்லில் ஒரு செல்லுக்கு 6 மி.மீ. வேண்டும். 'கண்டத்திட்டு' என்று எழுதப் புள்ளியெழுத்துகள், உயிர்க்குறிகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 12 செல், 7 செ.மீ. கண்டத்திட்டின் அகலமும் 7 செ.மீ. என்பதால் சரியாகப் பொருந்தும். 'கண்டச்சரிவு' 6.6 செ.மீ.; சரிவுக்கு இருப்பதோ 4. அந்த இடத்தில் ஒற்றை எழுத்து மட்டும் ஒட்டி, விளக்கத்தைத் தனித் தாளில் கொடுங்கள். தட்டைத் தாளில் கோட்டுப்படம் செய்தால் இரண்டு கோட்டுக்கு நடுவே 3 மி.மீ.யாவது இடம் வேண்டும். இல்லாவிட்டால் விரலுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். நீரோட்டம், ஆழம், உப்பளவு மூன்றையும் ஒரே வரைபடத்தில் திணிக்காமல் மூன்று தாளாகப் பிரித்துவிடுங்கள்.

குறைபார்வை மாணவனை மறந்துவிடக்கூடாது. அவனுக்குப் பிரெய்ல் வேண்டாம். பாடப்புத்தகப் படமும் உதவாது. ஆழத்தை ஏழு விதமான நீலத்தில் காட்டும் படம் அவனுக்கு ஒரே நீலமாகத்தான் இருக்கும். மஞ்சள் தாளில் கறுப்புத் தடிக்கோடு, 18 முதல் 24 பாயின்ட் அளவில் எழுத்து, பளபளப்பில்லாத தாள், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும் இடம். மாதிரியின் விளிம்புகளையும் கறுப்பு வண்ணத்தால் தீட்டிவிடுங்கள். அதே பலகை மூன்று பேருக்கும் ஆகும்.

ஓதங்களுக்கு ஆர்மோனியமும் சுருதிப் பெட்டியும் போதும். ஓத வரைபடம் என்பது 24 மணிநேரத்துக்குக் கடல்மட்டம் ஏறி இறங்கும் வளைகோடு. அதை ஒலியாக்குங்கள். சராசரி மட்டம் 'ச'; அதைச் சுருதிப் பெட்டியில் விடாமல் ஒலிக்கவிடுங்கள். ஒவ்வொரு 10 செ.மீ. ஏற்றத்துக்கும் ஒரு வெள்ளைக் கட்டை மேலே, இறக்கத்துக்கு ஒரு கட்டை கீழே. ஒரு மணிநேரம் ஒரு நொடி. சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின் வீச்சு ஒரு மீட்டரைச் சுற்றி இருப்பதால் ஐந்து கட்டை மேலே, ஐந்து கட்டை கீழே போய்வரும். அரை நிமிடத்துக்குள் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் கேட்டுவிடும். உச்சிக்கும் உச்சிக்கும் இடைவெளி 12 மணி 25 நிமிடம். அட்டமியை ஒட்டிய நாளை வாசித்தால் வீச்சு சுருங்குவது உடனே புரியும். சுருதியை நிறுத்திவிட்டு வாசித்தால் இது வேலைசெய்யாது. எது பூச்சியக் கோடு என்று காதுக்குத் தெரியாமல், வெறும் ராகமாகப் போய்விடும்.

திமிங்கில ஒலி போட்டுக்காட்ட நினைத்தால் ஒரு சிக்கல். நீலத்திமிங்கிலத்தின் அழைப்பு 20 ஹெர்ட்ஸை ஒட்டியது, மனிதக் காதின் கீழ் எல்லை. போன் ஸ்பீக்கரிலிருந்து அந்த ஒலி வரவே வராது. இணையத்தில் கேட்கும் பதிவுகள் பெரும்பாலும் வேகம் கூட்டியவை; அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெரிய ஸ்பீக்கர் இருந்தால், ஊதிய பலூனை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கட்டும். தாழ்ந்த ஒலியைக் கை வாங்கிக்கொள்ளும். திமிங்கிலத்தின் அளவுக்குப் பொம்மை கொடுக்காதீர்கள். உள்ளங்கை அளவுத் திமிங்கிலமும் அதே அளவு இறாலும் ஒரே பெட்டியில் இருந்தால் இரண்டும் சமம் என்று ஆகிவிடும். மைதானத்தில் 25 மீட்டர் கயிற்றை இழுத்துக் கட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கச் செய்யுங்கள்.

உயிரினங்களை மார்க்கெட்டிலேயே வாங்கலாம். ஐஸில் வரும் அயிலை, வாவல், நாக்குமீன், கணவாய் ஒவ்வொன்று போதும். ஒப்பிட மேட்டூர் அணைக் கட்லா ஒன்று. வேகமாக நீந்தும் அயிலையின் உருண்ட கதிர்வடிவம், வால் அருகே முள்போல வரிசையாக நிற்கும் குட்டித் துடுப்புகள், நாக்குமீனின் ஒரே பக்கம் இரண்டு கண் — தடவினாலே வாழ்க்கைமுறை வந்துவிடும். தலையிலிருந்து வால் பக்கம் தடவச் சொல்லுங்கள், எதிர்ப்பக்கம் போனால் செதில் கீறும். கெளுத்தி வாங்கினால் முதுகு முள்ளையும் பக்க முட்களையும் முன்பே வெட்டிவிடவேண்டும், குத்தினால் கடுக்கும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள், மீன் தொடாத வீட்டுப் பிள்ளைகள் யார் என்று முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கேளுங்கள். அது கணவாய் இனத்தின் உள்ளோடு. ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் நகம் பட்டால் பொடியும். உள்ளே மெல்லிய அறைகள், அவற்றில் வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்து அந்த உயிரி மிதக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதப்பதைக் கையாலேயே அமுக்கிப் பார்க்கலாம். சோழியும் சங்கும் எளிதில் கிடைக்கும். பவளப்பாறைத் துண்டை மட்டும் வாங்கவோ கொண்டுவரவோ வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது.

சங்கு கையில் இருக்கும் நாளில் ஹீரட் வெர்மே பற்றிச் சொல்லுங்கள். 1946-இல் நெதர்லாந்தில் பிறந்து, மூன்று வயதில் பார்வை இழந்தவர். அமெரிக்கப் பள்ளியில் ஆசிரியை ஒருவர் ஃபுளோரிடாச் சிப்பிகளை வகுப்பில் வைக்க, தங்கள் ஊர்ச் சிப்பிகளைவிட அவை ஏன் இத்தனை நேர்த்தி என்று விரல் கேட்ட கேள்வியே அவரைக் கடல் ஆய்வுக்குள் இழுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியரானார். நண்டு உடைத்து மறுபடி ஒட்டி வளர்ந்த தழும்புகளை ஓட்டில் தடவிப் படித்து, வேட்டையாடியும் இரையும் ஒன்றையொன்று எப்படி மாற்றிவந்தன என்று எழுதியவர். உங்கள் மாணவிகளும் பழைய ஓட்டில் அந்தத் தழும்பைத் தேடலாம். வளர்ச்சிக்கோடு திடீரென்று கோணலாக வெட்டுப்பட்டு, அதன்பின் மறுபடி ஒழுங்காகத் தொடரும் இடம் அது.

குறிப்புகளை மின்கோப்பாகக் கொடுப்பதானால் யூனிகோடில் இருக்கவேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை என்விடிஏ திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகப் படிக்கும். ஸ்கேன் செய்த பக்கத்தில் அதற்குப் படிக்க ஒன்றுமே இருக்காது. உப்பளவை ஆயிரத்துக்கான குறியீட்டில் போடாமல் 'ஆயிரத்துக்கு 35' என்று எழுதுங்கள். படத்துக்கு விளக்கம் எழுதும்போது "வங்கக்கடலில் அம்புக்குறிகள் உள்ளன" என்பது பயன்படாது. "தமிழகக் கரையை ஒட்டி நீரோட்டம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கிலிருந்து தெற்கே, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தெற்கிலிருந்து வடக்கே" என்று எழுதினால் அதுவே பாடம். படம் எந்தக் கேள்விக்குப் பதிலாக அங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பதிலை எழுதுங்கள்.

கடலுக்கே கூட்டிப்போக முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். கடலூரோ புதுச்சேரியோ, ஒரே நாளில் போய்வரலாம். மழைக்காலத்தில் வேண்டாம், அலை முரடு. ஒரு மாணவிக்கு ஒரு பெரியவர், கணுக்கால் தண்ணீரோடு சரி. முதலில் உலர்மணலில் உட்காரவைத்து ஐந்து நிமிடம் அலையை எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் ஈரமணலில் நிறுத்துங்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் உருவிக்கொண்டு போகும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் தரையே நழுவுகிறது என்று பயந்துபோவார்கள். வரும்போது சுத்தமான கேனில் கடல்நீர் பிடித்து வாருங்கள். வகுப்பில் துணியால் வடிகட்டி, ஒரு லிட்டரை அகலச் சட்டியில் வற்றக் காய்ச்சி, அடியில் தங்கியதைச் சூடு ஆறுவதற்குள் நிறுங்கள். ஆறவிட்டால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை ஏறிவிடும். 35 கிராமுக்குப் பக்கத்தில் வரும். டிசம்பரில் யாராவது ஊருக்குப் போய்ப் பிடித்து வந்த நீர் கிடைத்தால் அதையும் நிறுத்துப் பாருங்கள். அதில் உப்பு குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அந்த மாதங்களில் தெற்கே ஓடும் நீரோட்டம் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீரைத் தமிழகக் கரைவரை இழுத்து வருகிறது.